கத்தலுக்குள் இருந்த மெட்டு: பாப் மோல்டின் 'வொர்க்புக்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1989-ல் வந்த 'வொர்க்புக்' ஆல்பத்தை யாருக்காவது போட்டுக் காட்டினால் கேள்விகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். பங்க் என்ற வேகமான, இரைச்சலான ராக் இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள், "இந்த மனுஷன் ஏன் இப்படி ஆகிவிட்டார்?" என்பார்கள். பங்க் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள், "இவ்வளவு நன்றாகப் பாடுகிறவர் அதற்கு முன்னால் எதற்கு அப்படிக் கத்தினார்?" என்பார்கள். இரண்டு தரப்புக்கும் வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இனி அனுப்பிவிடலாம்.

முதலில், யார் இந்த பாப் மோல்ட்?

அமெரிக்க கிதார் கலைஞர். எழுதுவதும் பாடுவதும் அவரே. 1960 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்கு அருகே உள்ள மலோன் என்ற சிற்றூரில் பிறந்தவர். நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைத்துவிடாதீர்கள். பனியும் பண்ணைகளுமாக இருக்கும் பகுதி அது. கல்லூரிப் படிப்புக்காக மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகருக்குப் போனவருக்கு, அங்கே இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த கிரான்ட் ஹார்ட் பழக்கமானார். பேஸ் கிதாருக்கு கிரெக் நார்ட்டனைச் சேர்த்துக்கொண்டு 1979-ல் ஹூஸ்கர் டூ என்ற குழுவைத் தொடங்கினார்கள். டேனிஷ் மொழியில் 'நினைவிருக்கிறதா?' என்று அர்த்தம். ஒரு பலகை விளையாட்டின் பெயரும் அதுதான். மோல்டுக்கு கிதார், ஹார்ட்டுக்கு டிரம்ஸ். பாட்டு எழுதுவதிலும் பாடுவதிலும் இருவருக்கும் பங்கு உண்டு. பிற்பாடு தகராறுக்கும் அந்தப் பங்குதான் ஒரு காரணம்.

பங்க் என்றாலே கத்தல்தானே? அதில் மெட்டுக்கு என்ன வேலை?

தொடக்கத்தில் கத்தல்தான், மறுக்கவில்லை. முதல் ஆல்பமான 'லேண்ட் ஸ்பீட் ரெக்கார்ட்' 1981 ஆகஸ்டில் செயின்ட் பாலை ஒட்டிய மினியாபொலிஸ் நகரின் செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி என்ற சின்ன அரங்கில் நேரடியாகப் பதிவானது. 17 பாட்டு, சுமார் 26 நிமிடம். ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடிப்பதற்குள் ஆல்பமே முடிந்துவிடும். அப்போது ஹார்ட்கோர் என்று அழைக்கப்பட்ட பங்க் வகையில் வேகம்தான் மரியாதை. எவ்வளவு வேகமோ அவ்வளவு நேர்மை என்று ஒரு கணக்கு.

ஆனால் மோல்டின் காது அதற்கு வெகு முன்பே வேறு இடத்தில் பழகியிருந்தது. சின்ன வயதில் அவருடைய அப்பா, காசு போட்டால் பாட்டுப் போடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளிலிருந்து கழித்துப்போட்ட பழைய சிங்கிள் இசைத்தட்டுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி வருவாராம். 1960-களின் பாப் பாட்டுகள், மூன்று நிமிடத்துக்குள் ஒரு மெட்டை மனதில் ஆணியடித்துவிட்டுப் போகிறவை. பதினாறு வயதில் ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் பாட்டைக் கேட்டுத்தான் கிதாரைக் கையில் எடுத்தார். ரமோன்ஸும் அடியில் அதே பழைய பாப் மெட்டுகள்தான், மேலே கொஞ்சம் பெட்ரோல் ஊற்றியிருப்பார்கள், அவ்வளவே.

அவருடைய கிதார் வாசிப்பைக் கவனியுங்கள். ஹூஸ்கர் டூ காலத்தில் ஃப்ளையிங் வி வடிவ ஐபனெஸ் கிதார், அதோடு ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு டிஸ்டார்ஷன் பெடல். வலது கை ஓயாமல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். இடது கை கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) மாற்றும்போது ஒன்றிரண்டு கம்பிகளை மட்டும் அழுத்தாமல் விட்டுவிடுவார். அவை சுருதிப் பெட்டி போல அடியில் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். கேட்பவர் காதில் முதலில் விழுவது இரைச்சல். பழகினால் அந்தச் சுருதி பிடிபடும். சுருதி பிடிபட்டதும் மெட்டு தானாக மேலே வந்துவிடும். எனக்கு இது பிடிபட மூன்று மாதம் ஆனது. அதுவரை, நண்பன் பிடிவாதம் பிடித்ததால் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

1984-ல் ஹூஸ்கர் டூ ஒரு சிங்கிள் வெளியிட்டது. பேர்ட்ஸ் குழு 1966-ல் பாடிய 'எய்ட் மைல்ஸ் ஹை' பாட்டின் மறுவடிவம். மூலப் பாட்டில் 12 கம்பி எலெக்ட்ரிக் கிதார் மணிமணியாக உதிரும். மோல்டின் வடிவத்தில் அதை அடித்து நொறுக்கி, முடிவில் வார்த்தையே இல்லாமல் தொண்டை கிழியக் கத்துவார். ஆனாலும் மெட்டு ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருக்கும். இவருக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு பாட்டு போதும்.

அப்படியானால் 'வொர்க்புக்' திடீரென்று குதித்ததில்லையா?

இல்லை. அதே 1984-ல் வந்த 'ஸென் ஆர்கேட்' இரட்டை ஆல்பத்தில், மின்சாரம் இல்லாத அக்கூஸ்டிக் கிதாரை மட்டும் அடித்து நொறுக்கிப் பாடும் ஒரு பாட்டு உண்டு. பியானோத் துண்டுகளும் உண்டு. ஹார்ட்கோர் பட்டாளம் அதைக் கேட்டு முழித்தது. 1986-ல் வார்னர் பிரதர்ஸ் என்ற பெரிய கம்பெனிக்குப் போய் வெளியிட்ட 'கேண்டி ஆப்பிள் கிரே'யில் மோல்டின் இரண்டு பாட்டுகள் இன்னும் வெளிப்படை. 'டூ ஃபார் டவுன்' ஏறக்குறைய தனிக் குரலும் அக்கூஸ்டிக் கிதாரும்தான். 'ஹார்ட்லி கெட்டிங் ஓவர் இட்' இழப்பைப் பற்றி நிதானமாக நடக்கும் பாட்டு. இந்த இரண்டையும் எடுத்து 'வொர்க்புக்' நடுவில் செருகினால் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது.

குழு ஏன் உடைந்தது?

பொதுவெளியில் தெரிந்த காரணங்கள்: ஹார்ட்டின் ஹெராயின் போதைப் பழக்கம், ஆளுக்கு எத்தனை பாட்டு என்ற இழுபறி, 1987-ன் தொடக்கத்தில் குழுவின் மேலாளர் தற்கொலை செய்துகொண்ட அதிர்ச்சி. மோல்ட் 1986-லேயே குடியை விட்டிருந்தார். ஒருவர் தெளிந்து, இன்னொருவர் மூழ்கிக்கொண்டிருக்கும்போது ஒரே வேனில் எத்தனை நாள் ஊர் ஊராகப் போக முடியும்? 1987 டிசம்பரில் கடைசிக் கச்சேரி. 1988 ஜனவரியில் கதை முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று இருவருமே பல வருடம் பேட்டிகளில் சண்டை போட்டார்கள். அதில் தலையிட எனக்கு விருப்பமில்லை.

அதற்கப்புறம் எங்கே போனார்?

ஊரைவிட்டுப் போனார். மினியாபொலிஸுக்கு வடக்கே, டுலூத் நகருக்குப் போகும் வழியில் ஏறக்குறைய பாதித் தூரத்தில் பைன் சிட்டி என்று ஓர் ஊர். பெயரில்தான் சிட்டி. அங்கே ஒரு பண்ணை வீட்டில் உட்கார்ந்துகொண்டார். மின்னசோட்டா குளிர் சும்மா இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்பதெல்லாம் அங்கே ஜனவரியில் சாதாரணம். எட்டு ஒன்பது வருடம் வேனிலும் மேடையிலும் பெருஞ்சத்தத்தில் கழித்த ஒரு மனிதர், குழு இல்லாமல், குடி இல்லாமல், பக்கத்தில் டிரம்ஸ் இல்லாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டிரம்ஸை மீறி வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தன் குரலே தனக்குக் கேட்கும். இந்த ஆல்பத்தின் ஒலி அந்த அறையில் பிறந்தது என்பதே என் அபிப்பிராயம். இசைக் கொள்கை எதையும் மாற்றிக்கொண்டதால் வந்த மாற்றமாக எனக்கு அது தோன்றவில்லை.

'வொர்க்புக்'கில் உண்மையில் என்ன மாறியது?

முதல் பாட்டையே போடுங்கள். 'சன்ஸ்பாட்ஸ்.' இரண்டு நிமிடத்துச் சொச்சம், வார்த்தை கிடையாது. அக்கூஸ்டிக் கிதார் மட்டும். விரல் கம்பியில் உரசி நகரும் சத்தம்கூடக் கேட்கும். இவர் பழைய இசைத்தட்டுகளில் அந்த மாதிரி ஒரு சத்தம் கேட்க வாய்ப்பே இருந்ததில்லை. அது முடிந்ததும் 'விஷ்ஷிங் வெல்' ஆரம்பிக்கும். அக்கூஸ்டிக் கிதாரை வேகமாக அடிக்கும் அந்த வலது கை நமக்குத் தெரிந்த கைதான். ஹூஸ்கர் டூவில் கேட்ட அதே ஓயாத மேல்-கீழ் ஓட்டம். பெடலை மட்டும் கழற்றிவிட்டார். சேற்றில் ஓடிய ஆள் சிமென்ட் தரையில் ஓடுவது போல ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கிறது.

அப்புறம் ஆட்கள். டிரம்ஸுக்கு ஆன்டன் ஃபியர், பேஸுக்கு பியர் ஊபு குழுவின் டோனி மெய்மோன், வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் போன்ற செல்லோவுக்கு ஜேன் ஸ்கார்பன்டோனி. பங்க் ஆள் ஒருவரின் ஆல்பத்தில் செல்லோ என்றால் 1989-ல் ஏளனம் செய்யத் தோதான விஷயம். ஆனால் அந்தச் செல்லோ ஓரமாக உட்கார்ந்து அழுகிற செல்லோ இல்லை. 'ஸீ எ லிட்டில் லைட்' பாட்டில் கேளுங்கள். முன்பு அழுத்தாமல் விட்ட கம்பிகள் செய்த வேலையை, அதாவது அடியில் சுருதி பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையை, இப்போது வில் செய்கிறது. எனக்கு இது புரிந்த அன்று பழைய ஆல்பங்களையெல்லாம் மறுபடி எடுத்துப் போட்டேன்.

மூன்றாவது, குரல். ஹூஸ்கர் டூ பதிவுகளில் பாடும் குரல் கிதாருக்கு அடியில் எங்கேயோ புதைந்து கிடக்கும். 'வொர்க்புக்'கில் முன்னால் வந்து நிற்கிறது. என்ன சொல்கிறார் என்று கேட்கிறது. பெரிய மாற்றம் எது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இதை பாப் நட்சத்திரம் பிரின்ஸின் ஸ்டூடியோவில் பதிவு செய்தார் என்கிறார்களே?

ஆமாம். மினியாபொலிஸுக்கு வெளியே சான்ஹாசனில் பிரின்ஸ் கட்டிய பெய்ஸ்லி பார்க்கில். தயாரிப்பும் மோல்டேதான், வெளியிட்டது வர்ஜின் நிறுவனம். பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெய்ன்' படமாக்கப்பட்ட ஃபர்ஸ்ட் அவென்யூ அரங்கை ஒட்டிய சின்ன அறைதான் மேலே சொன்ன செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி. அவ்வளவு சின்ன ஊர் அது, இசை உலகத்தைப் பொறுத்தவரை.

மென்மையான ஆல்பம் என்கிறீர்கள். அப்படியானால் மனதுக்கு இதமாக இருக்குமா?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தூங்கும் முன் கேட்க நல்ல அக்கூஸ்டிக் ஆல்பம் என்று ஒரு தோழிக்கு நானே சொல்லியிருக்கிறேன். மறுநாள் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

ஹூஸ்கர் டூ பாட்டில் கோபம் வானிலை மாதிரி. மழை அடிக்கிறது, நனைகிறோம், யார் மேல் கோபம் என்று கேட்கத் தோன்றாது. 'வொர்க்புக்'கில் சத்தம் குறைந்ததால் கோபத்துக்கு முகவரி வந்துவிட்டது. 'பாய்ஸன் இயர்ஸ்' கேளுங்கள். பழைய குழுவின் கடைசி வருடங்களைப் பற்றியது என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். மெட்டு அழகாக இருக்கும். பாடுபவர் குரலை உயர்த்தாமலே ஒரு கணக்கைத் தீர்த்துக்கொண்டிருப்பார். நம் ஊர்களில் சொத்துத் தகராறில் சத்தம் போடும் சித்தப்பாவை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மெதுவாக, பெயர் சொல்லி, தேதி சொல்லிப் பேசும் அத்தைக்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். அந்த மாதிரி.

'ஸின்னர்ஸ் அண்ட் தேர் ரிபென்டன்சஸ்' இன்னும் அடங்கிய பாட்டு. கிதாரும் செல்லோவும்தான் பெரும்பகுதி. ஆல்பத்தில் மூச்சு முட்டும் இடம் எனக்கு அதுதான். கடைசிப் பாட்டான 'விச்செவர் வே தி விண்ட் ப்ளோஸ்' வந்ததும் அதுவரை கட்டிக்காத்த அடக்கமெல்லாம் போய்விடும். எலெக்ட்ரிக் கிதார் கிழிக்கும், மனுஷன் பழையபடி அலறுவார். மென்மையான ஆல்பத்தின் முடிவு இது.

பங்க் ரசிகர்கள் சும்மா விட்டார்களா?

முணுமுணுப்பு இல்லாமலா இருக்கும்? ஆனால் 'ஸீ எ லிட்டில் லைட்' அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகையின் மாடர்ன் ராக் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. ஹூஸ்கர் டூவுக்கு வானொலியில் இவ்வளவு இடம் கிடைத்ததில்லை. இன்னொரு விஷயம், மேடையில் இந்தப் பாட்டுகள் இவ்வளவு அடங்கி நடக்கவில்லை. டி-பீஸ் குழுவின் கிறிஸ் ஸ்டேமியை இரண்டாவது கிதாருக்குச் சேர்த்துக்கொண்டு அந்த வருடம் சுற்றுப்பயணம் போனார். 1989 மே 14 அன்று சிகாகோவின் கேபரே மெட்ரோவில் நடந்த கச்சேரியின் பதிவு, 2014-ல் வந்த 25-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்திருக்கிறது. கேட்டுப் பாருங்கள், அதே பாட்டுகள்தான், சத்தம் வேறு.

அதே வழியில் தொடர்ந்தாரா?

இல்லையே! மறு வருடமே 'பிளாக் ஷீட்ஸ் ஆஃப் ரெய்ன்.' பெயருக்கு ஏற்றபடி கனத்த, இருண்ட, சத்தமான ஆல்பம். அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மழை விடவே மாட்டேன் என்கிறது. வர்ஜினோடு உறவு முடிந்தது. 1991-ல் 12 கம்பி அக்கூஸ்டிக் கிதாரோடு தனி ஆளாக ஊர் ஊராகப் போய் வாசித்தார். ஆறு ஜோடிக் கம்பிகள் கொண்டது அது. அடித்தால் தனி ஆள் வாசிக்கிறார் என்றே தோன்றாது. பேர்ட்ஸ் பாட்டை நொறுக்கியவர் கடைசியில் 12 கம்பிக்கே வந்து சேர்ந்தார் பாருங்கள்.

அந்தப் பயணத்தில் வாசித்துப் பார்த்த பாட்டுகளில் சில, அடுத்த குழுவான ஷுகரின் 'காப்பர் ப்ளூ'வுக்குப் போயின. பிரிட்டனின் என்.எம்.இ. பத்திரிகை 1992-ன் சிறந்த ஆல்பமாக அதைத் தேர்ந்தெடுத்தது. சத்தமும் மெட்டும் சண்டை போடாமல் ஒரே வீட்டில் குடியிருக்கும் ஆல்பம். அதன் பிறகு தனி ஆல்பங்கள், கொஞ்ச காலம் தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சிக்குக் கதை எழுதும் வேலை (ஆமாம், நிஜமாகவே), 2002-ல் எலெக்ட்ரானிக் ஆல்பம், வாஷிங்டனில் டி.ஜே. இரவுகள், 2019-ல் வயலின் கூட்டத்தோடு 'சன்ஷைன் ராக்', 2020-ல் மறுபடி சத்தம். "பங்க் விட்டுப் போய்விட்டார்" என்று யாராவது சொன்னால் எந்த வருடத்தைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

காதல் பாட்டுகளில் 'அவன்', 'அவள்' எதுவுமே வருவதில்லையே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். மோல்ட் தன்பாலின ஈர்ப்பாளர். அது 1994-ல் ஒரு பத்திரிகைப் பேட்டி மூலம் வெளிப்படையானது. அதுவரை பாட்டுகளை 'நான்', 'நீ' என்று மட்டுமே எழுதிவந்தார். தமிழில் கேட்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. 'நீ' என்று பாடினால் நம் மொழியிலும் ஆணா பெண்ணா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கிரான்ட் ஹார்ட் என்ன ஆனார்?

அவரைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடித்தால் பாவம். மோல்டுக்கு முன்பே, 1988-ல், ஹார்ட் தன் பங்குக்கு '2541' என்ற பாட்டை வெளியிட்டார். மினியாபொலிஸின் நிக்கலெட் அவென்யூவில் ஹூஸ்கர் டூவின் அலுவலகம் இருந்த கதவு எண் அது. வீடு பிடிப்பது, குடி வைப்பது, காலி செய்வது என்று போகிற பாட்டு. யாரையும் திட்டாது. காதல் முறிவா குழு முறிவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1989 இறுதியில் வந்த அவருடைய 'இன்டாலரன்ஸ்' ஆல்பத்தில் எல்லா வாத்தியங்களையும் அவரே வாசித்தார்.

ஒரே குழுவிலிருந்து வெளியேறிய இரண்டு பேர், ஏறக்குறைய ஒரே நேரத்தில், இருவரும் சத்தத்தைக் குறைத்துப் பேசுகிறார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், மூடிய கதவுக்கு இருபுறமும் இருந்து நடக்கும் உரையாடலை ஒட்டுக்கேட்பது போலிருக்கும். மெட்டுக்காரர் மோல்ட், ஆவேசக்காரர் ஹார்ட் என்றோ தலைகீழாகவோ பிரிக்கிறவர்களை நம்பாதீர்கள். இருவரிடமும் இரண்டும் இருந்தது. ஹார்ட் 2017 செப்டம்பரில், 56 வயதில், புற்றுநோயால் இறந்தார். நார்ட்டன் பல வருடம் சமையல் துறையில் இருந்தார்.

பின்னால் வந்தவர்கள் மேல் ஹூஸ்கர் டூவின் தாக்கம் உண்டா?

ஒரு வரி விளம்பரம் போதும். 1986-ல் பாஸ்டனில் பிக்ஸீஸ் குழு பேஸ் கிதாருக்கு ஆள் தேடியபோது, ஹூஸ்கர் டூவும் பீட்டர், பால் அண்ட் மேரியும் பிடிக்கும் ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்கள். ஒன்று காது கிழியும் இரைச்சல், இன்னொன்று வீட்டில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து கேட்கும் நாட்டார் பாட்டு. இரண்டும் சேர்ந்த ஆளாகக் கிம் டீல் வந்தார். அடங்கிப் பாடித் திடீரென்று வெடிக்கும் பிக்ஸீஸின் பாணியிலிருந்துதான் நிர்வானா குழு எடுத்துக்கொண்டது. 2011-ல் ஃபூ ஃபைட்டர்ஸ் ஆல்பம் ஒன்றில் மோல்ட் ஒரு பாட்டுக்கு வந்து பாடினார். அந்தக் குழுவின் தலைவரும் முன்பு நிர்வானாவில் டிரம்ஸ் வாசித்தவருமான டேவ் குரோல் பழைய கடனைத் தீர்த்த மாதிரி.

இதே மாதிரி மாறிய வேறு யாராவது?

நிறையப் பேர். டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸ் 2011-ல் அக்கூஸ்டிக் ஆல்பம் போட்டார். இங்கிலாந்தின் ஃபிராங்க் டர்னர், மில்லியன் டெட் குழு 2005-ல் உடைந்ததும் அக்கூஸ்டிக் கிதாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பேட் ரிலிஜன் என்ற பங்க் குழுவின் கிரெக் கிராஃபின் பழைய அமெரிக்க நாட்டார் பாட்டுகளைப் பாடினார். அவரவருக்குத் தனிப் பக்கமே எழுதலாம்.

சரி, எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

பங்க் பழக்கமில்லாதவர் என்றால் 'ஸீ எ லிட்டில் லைட்', 'விஷ்ஷிங் வெல்', அப்புறம் 'ஹார்ட்லி கெட்டிங் ஓவர் இட்'. அங்கிருந்து 'காப்பர் ப்ளூ'. அது பிடித்துவிட்டால் 'எய்ட் மைல்ஸ் ஹை'க்குப் போகலாம், அதற்குள் காது தயாராகியிருக்கும். 'லேண்ட் ஸ்பீட் ரெக்கார்ட்' கடைசியில். பங்க் ஆட்கள் நேராகக் கேபரே மெட்ரோ பதிவைக் கேட்டுவிட்டுப் பிறகு ஸ்டூடியோ வடிவத்துக்கு வாருங்கள்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், செல்லோ காணாமல் போய்விடும். இரவில் ஹெட்ஃபோன் இல்லாமல் கேட்பதாக இருந்தால், பத்தாவது பாட்டு முடிந்ததும் எழுந்துபோய் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். பதினோராவது பாட்டில் அவர் அலற ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் விளக்கு எரியும்.